மணி அடித்தால் யார் எடுப்பது?

சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள்கள் முன்னதாக, நிற்கும் நெற்பயிரின் ஊடே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது காவிரிப் படுகையின் நெடுநாள் வழக்கம். மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே அவை விளைந்துவிடும். செலவு குறைவு; கையில் நிற்கும் காசு அதிகம். ஆகவே, நெல்லில் ஏற்பட்ட கடனை அடைத்த குடும்பங்கள் அடுத்த சில மாதங்களுக்கு நம்பியிருப்பது பெரும்பாலும் இந்த உளுந்தைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதம். எங்கள் தெருவைச் சேர்ந்த விவசாயி ஒருவர் தம் உளுந்துச் செடிகளைப் பறித்து வயலிலேயே காயப் போட்டிருந்தார். யாரும் எதிர்பாராத மழை இரண்டு இரவுகள் பெய்து, அத்தனையும் ஊறி முளைவிட்டது. அவர் பயிர்க் காப்பீடு செய்திருந்தார். 2016-ஆம் ஆண்டு காரீஃப் பருவம் முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுவடை செய்து வயலில் காயப் போட்ட பயிர் 14 நாள்களுக்குள் புயலாலோ பருவம் தவறிய மழையாலோ கெட்டுப்போனால், மாநில அரசு அறிவிக்கை செய்த பயிர்களுக்கு இழப்பீடு கோர வழி உண்டு. ஆனால், சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவித்தாக வேண்டும்.

இந்த 72 மணி நேரக் கெடு அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று இதற்கென 14447 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அன்று அவர் அறிந்திருந்தது ஓர் அலுவலகச் சுவரில் எழுதப்பட்டிருந்த எண்ணை மட்டுமே. அந்த எண்ணை முதல் நாள் பலமுறை அழைத்தார். இரண்டாம் நாளும் அழைத்தார். மூன்றாம் நாள் காலை என் வீட்டு வாசலுக்கு வந்து, "மணி போகுது வாத்தியாரய்யா, எடுக்கத்தான் ஆளில்லை. மழை பேஞ்ச நேரம் ஊருக்கே தெரியும். நான் கூப்பிட்ட நேரம் யாருக்குத் தெரியும்?" என்றார்.

அவருடன் நானும் பேருந்தில் போனேன். அலுவலகத்தில் கண்ட காட்சி நான் எதிர்பார்த்ததாக இல்லை. அங்கே யாரும் சோம்பியிருக்கவில்லை. அதிகாரி, அதே மழையால் சேதமான வயல்களைப் பார்க்கக் காலையிலேயே கிளம்பிவிட்டார். தொலைபேசி அவருடைய பூட்டிய அறைக்குள் இருந்தது. பக்கத்து அறையில் மூவர் கணினி முன் குனிந்து விவரங்களைப் பதிந்துகொண்டிருந்தனர். மணியோசை அவர்கள் காதில் விழத்தான் செய்தது, எடுக்க முடியாது. அவர்கள் மேசையிலும் ஒரு தொலைபேசி இருந்தது. ஆனால், அது வேறு எண்.

பொதுமக்கள் தொலைபேசியில் அழைத்தால் அதிகாரிகள் எடுப்பதில்லை என்ற மனக்குறை நம்மிடையே பழையது. அதை ஊழியரின் அலட்சியம் என்று முடித்துவிடுகிறோம். அலட்சியமும் சில இடங்களில் இருக்கலாம். ஆனால், பெரும்பாலான இடங்களில் இல்லாதிருப்பது ஒரு சிறிய முடிவு: உரியவர் எடுக்காவிட்டால் அந்த அழைப்பு அடுத்து யாரிடம் போக வேண்டும் என்ற முடிவு. அதை யாரும் எடுக்கவில்லை. எழுதி வைக்கவும் இல்லை.

கொள்ளிடம் சொல்லும் பாடம்

அலுவலகத் தொலைபேசி அமைப்புகளில் இந்த முடிவைச் செயல்படுத்த ஏற்பாடு உண்டு. ஆங்கிலத்தில் 'கால் கவரேஜ்' என்பார்கள். தமிழில் அழைப்புக்கான மாற்று ஏற்பாடு என்று சொல்லலாம். ஒருவர் பேசிக்கொண்டிருந்தாலோ, இருக்கையில் இல்லாவிட்டாலோ, விடுப்பில் இருந்தாலோ, அவருக்கு வரும் அழைப்பு தானாகவே இரண்டாமவருக்கும் பின்னர் மூன்றாமவருக்கும் சென்று, எவரும் இல்லாத நிலையில் குரல் அஞ்சலில் பதிவாகும்படி வகுத்து வைப்பதே அது.

தஞ்சை மண்ணில் வாழ்பவர்களுக்கு இது புதிய தத்துவம் அல்ல. காவிரி கொள்ளும் அளவுக்கு மேல் வெள்ளம் வந்தால் முக்கொம்பிலும் கல்லணையிலும் அதைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுகிறோம். வெள்ளம் வந்த பிறகு கரையை எங்கே வெட்டலாம் என்று கூடிப் பேசுவதில்லை. கல்லணையைக் கட்டியவர்களும், 1836-இல் முக்கொம்பில் மேலணையை அமைத்த ஆர்தர் காட்டனும் உபரி எங்கே போக வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தார்கள். அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளிலும் உபரி உண்டு. அதற்கு ஒரு கொள்ளிடம் வெட்டாமல் விட்டதுதான் நம் குறை.

ஐந்து தொலைபேசிகளின் கணக்கு

இதைச் சொன்னதும் எழும் முதல் மறுப்பு, "இருக்கிற வேலைக்கே ஆள் இல்லை, தொலைபேசிக்கு எங்கே போவது?" என்பதுதான். பொருளியல் படித்தவன் என்ற முறையில் இந்த மறுப்பை மதிக்கிறேன். ஆனால், இதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு கணக்கு விடை தந்திருக்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த கணித அறிஞர் ஏ.கே. எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியவர். எத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும் என்பதை 1917-இல் வெளியிட்ட கட்டுரையில் சூத்திரமாக்கினார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கே பிற்பாடு அவர் பெயர் வைக்கப்பட்டது.

அவருடைய சூத்திரத்தை நம் ஊர் அலுவலகம் ஒன்றுக்குப் பொருத்திப் பார்ப்போம். பரபரப்பான ஒரு மணி நேரத்தில் 30 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 4 நிமிடம் நீள்கிறது என்று கொள்வோம். ஐந்து மேசைகளில் ஐந்து தனித்தனி எண்கள். மக்கள் அவற்றைச் சமமாகப் பகிர்ந்து அழைத்தால், ஒவ்வோர் எண்ணுக்கும் மணிக்கு 6 அழைப்புகள். இந்த நிலையில் 100 அழைப்புகளில் ஏறத்தாழ 29 அழைப்புகளுக்கு, எண் பேச்சில் இருக்கிறது என்ற ஒலிதான் கிடைக்கும். பக்கத்து மேசைத் தொலைபேசி சும்மா இருக்கும். ஆனால், அழைத்தவருக்கு அது தெரியாது.

அதே ஐந்து தொலைபேசிகளை ஒரே எண்ணின் கீழ்க் கொண்டுவருவோம். எது ஓய்வாக இருக்கிறதோ அதில் மணி அடிக்கும். இப்போது இடமின்றித் திரும்புபவை 100-க்கு 4-க்கும் குறைவு. ஒருவர் விடுப்பில் போய் நால்வர் மட்டும் இருந்தால் 100-க்கு 10-க்கும் குறைவு. இருவர் இல்லாமல் மூவர் மட்டும் இருந்தால் ஏறத்தாழ 21. ஒரே எண்ணின் கீழ் அமரும் மூவர், தனித்தனி எண்களோடு அமரும் ஐவரை விடவும் மேலாகப் பணியாற்றுகிறார்கள் என்பதே இந்தக் கணக்கின் முடிவு.

இந்தக் கணக்கு, தொலைபேசியின் அருகில் ஆள் இருப்பதாகவும், இணைப்புக் கிடைக்காதவர் மறுபடி அழைக்காமல் விட்டுவிடுவதாகவும் கொள்கிறது. உண்மையில் அவர் மீண்டும் மீண்டும் அழைப்பார். நெரிசல் இன்னும் கூடும். ஆகவே, தனித்தனி எண்களின் இழப்பு ஏட்டுக் கணக்கைவிட அதிகமாகவே இருக்கும். ஆள் பற்றாக்குறை உள்ள அலுவலகத்துக்குத்தான் இந்த ஏற்பாடு மிகவும் தேவை.

எப்படி வகுப்பது?

பல மேசைகளைக் கொண்ட அலுவலகங்களில் 'இன்டர்காம்' என்று நாம் பொதுவாக அழைக்கும் உள் இணைப்பகம் இருக்கும். மின்னணு வகையைச் சேர்ந்தது என்றால், அதில் இந்த வசதி பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். யாரும் அதை இயக்கியிருக்க மாட்டார்கள். பராமரிப்புக்கு வரும் தொழில்நுட்பரிடம் சொன்னால் செய்துதருவார். ஆனால், எதைச் செய்ய வேண்டும் என்று அலுவலகம்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு தாளில் சில வரிகள் எழுதினால் போதும்.

முதலாவது, வெளியே அறிவிக்கும் எண் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். சுவரில், ரசீதில், பெயர்ப் பலகையில் எல்லாம் அதே எண். 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 சேவையை எண்ணிப் பாருங்கள். எந்த மாவட்டத்தில் எந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பணியில் இருக்கிறார் என்பதை நாம் அறிய வேண்டியதில்லை.

இரண்டாவது, அந்த எண்ணுக்கு வரும் அழைப்பு மேசைகளுக்கு எந்த வரிசையில் செல்ல வேண்டும் என்பது. எப்போதும் முதல் மேசையிலேயே தொடங்கினால், வாசலை ஒட்டி அமர்ந்திருக்கும் இளநிலை ஊழியர் ஒருவரே எல்லாவற்றையும் சுமப்பார். சில மாதங்களில் அவர் வெறுத்துப்போய் ஒலிவாங்கியை எடுத்துக் கீழே வைத்துவிடுவார். தண்ணீர் குறைந்த காலத்தில் நாம் முறை வைத்து விடுவதில்லையா? அதுபோல ஒவ்வோர் அழைப்பும் சென்ற முறைக்கு அடுத்த மேசையில் தொடங்கும்படி சுழற்சி வைக்கலாம். எல்லா மேசைகளிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கச் செய்யும் வழியும் உண்டு. ஆனால், எல்லாருக்கும் அடிக்கும் மணியை 'அவர் எடுப்பார்' என்று எல்லாரும் விட்டுவிடுவதும் உண்டு.

மூன்றாவது, எத்தனை மணிக்குப் பிறகு அழைப்பு நகர வேண்டும் என்பது. நம் நாட்டில் இரட்டை ஒலியாகக் கேட்கும் ஒரு மணிச் சுற்றுக்கு ஏறத்தாழ 3 விநாடி. நான்கு சுற்றுக்கு ஒருமுறை அழைப்பை நகர்த்தினால் மூன்று நிலைகளுக்கு 36 விநாடி ஆகும். மக்கள் அவ்வளவு நேரம் காத்திருப்பார்கள். பத்துச் சுற்று என்று வைத்தால், மூன்றாம் நிலைக்குப் போவதற்குள் பலர் துண்டித்துவிடுவார்கள்.

நான்காவது, காரணத்துக்கு ஏற்ற வழி. பேச்சில் இருப்பது வேறு, எடுக்காதிருப்பது வேறு, இன்று அவர் பணியிலேயே இல்லை என்பது வேறு. பேச்சில் இருந்தால் அழைப்பு உடனே நகரலாம். எடுக்காவிட்டால் நான்கு மணிக்குப் பின் நகரலாம். விடுப்பு என்றால் அவர் மேசையில் மணியே அடிக்காமல் அடுத்தவருக்குச் செல்ல வேண்டும். அலுவலக நேரம் முடிந்த பின் வரும் அழைப்புக்கு நான்காவதாக ஒரு வழி வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரை உடைவது அலுவலக நேரம் பார்த்து நிகழ்வதில்லை.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். கடைசி நிலையில் அழைப்பை அதிகாரியின் கைப்பேசிக்கு மாற்றிவிடுவது பல இடங்களில் வழக்கம். அந்தக் கைப்பேசி அணைந்திருந்தால், 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால்' என்ற அறிவிப்பு ஒலிக்கும். சில இணைப்பகங்கள் அந்த அறிவிப்பையே, யாரோ எடுத்துப் பேசிவிட்டதாகக் கணக்கில் கொள்ளும். அதற்குப் பிறகு அழைப்பு எங்கும் நகராது. ஆகவே, கைப்பேசியைச் சங்கிலியின் நடுவில் வைக்கும்போது முன்னதாகவே பரிசோதிக்க வேண்டும். இறுதி நிலை அலுவலகத்துக்குள்ளேயே இருப்பது நல்லது.

கைப்பேசியில் நாமே அழைப்பை மாற்றிவிடும் வசதியிலும் எச்சரிக்கை தேவை. மோசடிக்காரர்கள், 401 எனத் தொடங்கும் குறியீட்டை அழுத்தச் சொல்லி மக்களின் அழைப்புகளைத் தங்களுக்குத் திருப்பிக்கொண்டதால், அத்தகைய குறியீட்டு வழி அழைப்பு மாற்றத்தை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அழைப்பை மாற்றும் அதிகாரம் சிறிய அதிகாரம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தானியங்கி இணைப்பகம் பிறந்த கதையும் அதையே சொல்கிறது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தமக்கு வர வேண்டிய அழைப்புகளைத் தொலைபேசி நிலையப் பெண்மணி தம் கணவரின் போட்டிக் கடைக்கு இணைத்துவிடுகிறார் என்று சந்தேகித்தாராம். மனிதக் கை படாமல் இணைப்புத் தரும் கருவிக்கு 1891-இல் அவர் காப்புரிமை பெற்றார்.

பதிவாகும் குரல்

எல்லா நிலைகளும் கடந்த பின் எஞ்சுவது குரல் அஞ்சல். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கார்டன் மேத்யூஸ் 1983-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மேலைநாட்டு அலுவலகங்களில் அது வேரூன்றியது. நம்மிடையே வேரூன்றவில்லை. தவறிய அழைப்பே ஒரு செய்தி என்று பழகிய சமூகம் நாம். இயந்திரத்திடம் பேசக் கூச்சமும் உண்டு.

ஆயினும், நம் விவசாயிகளுக்காகவே அமைந்த ஒரு சேவையில் இது இடம்பெற்றிருக்கிறது. 2004 ஜனவரி 21 அன்று தொடங்கப்பட்ட கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணைக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அழைக்கலாம். வேளாண் பட்டதாரி ஒருவர் தமிழிலேயே பேசுவார். அவருக்கு விடை தெரியாத கேள்வி மேல்நிலை வல்லுநருக்குச் செல்லும். எல்லா இணைப்புகளும் பேச்சில் இருந்தால் கேள்வியைக் குரலாகப் பதிந்துகொண்டு, பின்னர் திரும்ப அழைக்கும் வசதி அதன் வடிவமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. டெல்லியில் வகுத்த திட்டத்தில் இடம்பெற்ற ஒன்று, பாபநாசத்திலோ ஒரத்தநாட்டிலோ உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு எட்டாததா?

விவசாயிக்குக் குரல் அஞ்சலின் பெரும் பயன், எழுத வேண்டியதில்லை என்பது. மனு எழுத ஆள் தேட வேண்டாம். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்காக ஒரு நாள் கூலியை இழந்து மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டாம். அதைவிடப் பெரிய பயன், பதிவான ஒவ்வொரு குரலோடும் நாளும் நேரமும் சேர்ந்தே பதிவாகின்றன. என் அண்டை வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது: அவர் கூப்பிட்ட நேரம் அந்தக் கருவிக்குத் தெரியும்.

ஆகவே, காலக்கெடு உள்ள தகவல்களைப் பொறுத்தவரை, அலுவலக எண்ணில் குரல் பதிவான நேரத்தையே தகவல் தெரிவித்த நேரமாக ஏற்றுக்கொள்ளலாம் என்று அரசு ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். தபாலில் அனுப்பிய கடிதத்துக்கு அஞ்சல் முத்திரையின் தேதியை மதிக்கும் மரபு நமக்கு உண்டு. குரலுக்கும் அந்த மதிப்பைத் தருவதில் தடை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

குரல் அஞ்சலை அமைக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது வரவேற்புரை. அது தமிழில், நிதானமாக, அந்த அலுவலகத்தில் பணியாற்றும் ஒருவரின் குரலிலேயே இருக்கட்டும். இப்படி அமையலாம்: "வணக்கம். இது இன்ன அலுவலகம். இப்போது எங்களால் பேச இயலவில்லை. ஒலி கேட்டதும் உங்கள் பெயர், ஊர், சொல்ல வந்த செய்தி ஆகியவற்றைச் சொல்லுங்கள். தொலைபேசி எண்ணை இருமுறை சொல்லுங்கள். அடுத்த வேலைநாள் பகல் 12 மணிக்குள் நாங்கள் அழைப்போம். கரை உடைப்பு, உயிர் ஆபத்து என்றால் காத்திருக்காமல் 1077 என்ற எண்ணை அழையுங்கள்." அரை நிமிடத்தில் முடிந்துவிடும். என்ன சொல்ல வேண்டும் என்று முன்னரே தெரிந்துவிட்டால் இயந்திரத்திடம் பேசும் கூச்சமும் பாதி குறையும்.

அடுத்தது, கேட்பவர் யார் என்பது. அதைப் பதவியின் பெயரால் எழுதி வைக்க வேண்டும். ஆளின் பெயரால் அல்ல. ஆள் மாறுதலில் போவார், பதவி இருக்கும். காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அவர் பதிவுகளைக் கேட்டு, ஒரு பதிவேட்டில் நேரம், பெயர், ஊர், செய்தி, திரும்ப அழைத்த நேரம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். பதிவுகள் நிரம்பி வழிந்தால் புதியவை ஏறா என்பதால், பதிவேட்டில் ஏறியவற்றையும் காலக்கெடு தொடர்பானவற்றையும் வேறு இடத்தில் சேமித்துவிட்டு அஞ்சல் பெட்டியைக் காலி செய்வதும் அவர் பொறுப்பே.

மூன்றாவது, கடவு எண். கருவியோடு வரும் 0000, 1234 போன்ற எண்களை முதல் நாளே மாற்ற வேண்டும். பிரிட்டனில் பத்திரிகையாளர்கள் சிலர் இத்தகைய மாற்றப்படாத எண்களைப் பயன்படுத்திப் பிறர் குரல் அஞ்சல்களை ஒட்டுக்கேட்ட விவகாரத்தில் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற 168 ஆண்டுக்கால இதழ் 2011 ஜூலையில் மூடப்பட்டது. விவசாயி தம் கடனையும் நிலத்தையும் பற்றிச் சொல்லும் செய்தி அவருடைய அந்தரங்கம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. யாரும் கேட்காத குரல் அஞ்சலைவிட, எடுக்கப்படாத மணியே மேல். மணி அடித்து ஓய்ந்தால் அழைத்தவர் வேறு வழி தேடுவார். செய்தியைப் பதிந்துவிட்டவரோ, சொல்லியாயிற்று என்று நம்பிக் காத்திருப்பார். ஒவ்வொரு பதிவும் அலுவலகம் வாங்கிய கடன். அடைக்க மனமில்லாதவர்கள் வாங்காதிருப்பதே நேர்மை.

புயல் நாளில்

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது, மின்கம்பங்களும் கைப்பேசிக் கோபுரங்களும் சாய்ந்து டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் தொடர்பற்றுக் கிடந்ததை நாம் மறக்க முடியாது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு, தொலைபேசி நிலையத்தின் மின்கலத்திலிருந்து கம்பி வழியாகவே மின்சாரம் வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும், கம்பி அறாதவரை தொலைபேசி பேசும். இன்று கண்ணாடி இழை வழி வரும் இணைப்புக்கு அலுவலகத்தில் உள்ள மோடத்துக்கும் இணைப்பகத்துக்கும் மின்சாரம் வேண்டும். பல அலுவலகங்களில் கணினிகளுக்கு மின்கலம் இருக்கும். மூலையில் தூசி படிந்திருக்கும் தொலைபேசிப் பெட்டிக்கு இருக்காது. மழைக்காலத்துக்கு முன் அதையும் அந்த மின்கலத்தோடு இணைப்பது ஒரு மணி நேர வேலை.

யார் தலையில் செலவு?

தொலைபேசியால் ஏழை உற்பத்தியாளருக்கு நன்மை உண்டா என்று பொருளியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெயர் பெற்றது. 1997-க்கும் 2001-க்கும் இடையே வடகேரளக் கடற்கரைக்குக் கைப்பேசி வந்தபோது, கடலில் இருந்தபடியே எந்தச் சந்தையில் என்ன விலை என்று மீனவர்கள் கேட்டறிந்தார்கள். விற்காமல் மத்தி மீன் வீணாவது நின்றது. மீனவர் ஆதாயம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குபவர் தந்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது. கரையில் இருந்த வியாபாரி அழைப்பை எடுத்தார். எடுக்காவிட்டால் அவருக்கே நட்டம். அதனால் அங்கே யாரும் மாற்று ஏற்பாட்டை உத்தரவிட வேண்டியிருக்கவில்லை.

அரசு அலுவலகத்திலும் கூட்டுறவு அமைப்பிலும் நிலைமை வேறு. அழைப்பு எடுக்கப்படாவிட்டால் அலுவலகத்துக்கு ஒரு காசும் குறையாது. கொள்முதல் நிலையத்தில் நாளை சாக்கு இருக்குமா, லாரி வருமா என்று அறிய முடியாமல் நெல்லைக் குவித்துவிட்டு, ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிடுமோ என்று இரவெல்லாம் தார்ப்பாயோடு காவல் இருப்பவருக்குத்தான் செலவு. அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏறாத செலவை யாரும் குறைக்க மாட்டார்கள் என்பது பொருளியலின் பாலபாடம்.

அதைக் கணக்கில் ஏற்றும் வழியும் இதே கருவியில் உண்டு. வந்த அழைப்புகள் எத்தனை, எடுத்தவை எத்தனை, குரல் அஞ்சலுக்குப் போனவை எத்தனை, 24 மணி நேரத்துக்குள் திரும்ப அழைத்தவை எத்தனை என்ற நான்கு எண்களை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். யாரையும் தண்டிக்க அல்ல. நான்காம் மாதம் அந்த எண்கள் தாமே சீர்படத் தொடங்கும்.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. அதற்கு முன் வாய்க்கால்களைத் தூர் வாரி, மதகுகளுக்கு எண்ணெய் இடுகிறோம். அந்தப் பட்டியலில் அலுவலகத் தொலைபேசியையும் சேர்க்கலாம். அலுவலர் ஒருவர் தம் சொந்தக் கைப்பேசியிலிருந்து அலுவலக எண்ணை அழைக்கட்டும்: ஒருமுறை காலையில், ஒருமுறை உணவு இடைவேளையில், ஒருமுறை இரவு எட்டு மணிக்கு. மூன்று முறையும் ஒரு மனிதக் குரலோ, பதிவு செய்யும் கருவியோ விடையளித்தால் ஏற்பாடு சரி. இல்லையெனில், கடைமடை விவசாயி நாள்தோறும் கேட்பதை அவரும் ஒருமுறை கேட்டிருப்பார்.

என் அண்டை வீட்டுக்காரரின் தகவலை அன்று பதிவு செய்துகொண்டார்கள். கெடு முடியச் சில மணி நேரமே எஞ்சியிருந்தது. தஞ்சாவூருக்கு இரண்டு பேருந்து மாறி வரவேண்டிய ஊரில் அவர் இருந்திருந்தால், அல்லது அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்திருந்தால், அவர் சொன்னதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த அலுவலகத்தின் பூட்டிய அறையில் மட்டும் மணி அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).